பரணில் இருந்த ஹார்டு டிஸ்க்

வளப்பூர் நாட்டுச் சாமை விவசாயிகள் சங்கத்தில் அன்று மூன்று பேர் இருந்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் வேளாண்மை அலுவலகத்து ஜாஸ்மின், பக்கத்து நாற்காலியில் சங்கச் செயலாளர் அம்சவேணி, கதவோரம் விதை மூட்டைமேல் அவள் கணவன் செங்கோட்டையன்.

நாமக்கல் விதைக் கண்காட்சிக்கு இருபத்தெட்டுச் சாமைக் கதிர்களின் படங்கள் மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். மதிய பஸ்ஸை விட்டால் இந்த வருஷம் இடம் கிடையாது. படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க்கோ திறக்க மறுத்தது.

ஜாஸ்மின் அதைப் பஞ்சால் துடைத்தாள். பஞ்சு கரியாக வந்தது.

"எங்கங்க வெச்சிருந்தீங்க?"

"அடுப்புக்கு மேல பரண்லீங்க. விதையெல்லாம் அங்கதானுங்க வெப்போம். புகை பட்டா பூச்சி அண்டாது," என்றான் செங்கோட்டையன்.

"பூச்சி அண்டலை. கம்ப்யூட்டரும் அண்டலை," என்றாள் அம்சவேணி.

மீட்கும் மென்பொருள் இரண்டு மணி நேரம் ஓடியது. படங்கள் அத்தனையும் திரும்பின, ஆனால் பெயர்கள் போய் வெறும் எண்களாக. ஜாஸ்மின் சோர்ந்துபோனாள். "எது எந்தச் சாமைன்னு எப்படிங்க எழுதறது?"

செங்கோட்டையன் எழுந்து வந்து திரையைப் பார்த்தான். "இது சடஞ்சாமை. அது மல்லியச்சாமை. இது நம்ம மேட்டுக்காட்டுல எடுத்தது. பாரு கண்ணு, ஓரத்துல உன் விரலு," என்றான் மனைவியிடம்.

அவன் சொல்லச் சொல்ல, அம்சவேணி சிரிப்பை அடக்கமாட்டாமல் இருபத்தெட்டுப் பெயர்களையும் கடிதத்தில் எழுதினாள். படங்களை ஏற்றிய பென் டிரைவோடு அதை உறையிலிட்டு ஒட்டினாள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

"குடு, கண்டக்டர்கிட்டக் குடுத்துட்டு வாரேன்."

"நேராப் போங்க. ஊட்டுப் பரண்ல ஏத்திறாதீங்க."

உறை பஸ் ஏறியது.