நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்துக் குருவி

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஊசிக்குருவி போய்ச்சேர்ந்திருந்தது. "ஆறு ஆண்டுகளாக இந்த ஊரில் ஊசி இல்லை. அது போய்விட்டது, நாம்தான் துரத்திவிட்டோம்" என்று என் நண்பன் எழுதியிருந்தான். நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அச்சகத்தின் பின்பக்க ஜன்னலுக்கு வெளியே, தூங்குமூஞ்சி மரத்தின் உச்சியில் எங்கோ உட்கார்ந்துகொண்டு ஊசிக்குருவி பாடிக்கொண்டிருந்தது.

வயதான காலத்தில் பிரமை தட்டுகிறதோ என்று சந்தேகம் வந்தது. பக்கம் அமைக்கிற பெண்ணைக் கூப்பிட்டேன்.

"வெளிய ஏதாவது கேக்குதாம்மா?"

"அந்தக் கீச்சுக்குரல் குருவியா சார்? அது தினமும்தான் கத்துது. நீங்க இன்னைக்குத்தான இந்தப் பக்கம் வந்து உக்காந்திருக்கீங்க." கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள். "உங்க ஃபிரெண்டு புக்கு திங்கக்கிழமை அச்சுக்குப் போகணும். இன்னும் எத்தன பக்கம் வச்சிருக்கீங்க?"

அதுதான் கடைசிப் பக்கம் என்று சொல்லவில்லை.

முப்பத்தெட்டு வருஷமாக அடுத்தவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால்கூட வாழ்த்துவதற்கு முன் பிழையைத்தான் பார்ப்பேன் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் இந்த மாதிரி ஒரு பிழை இதுவரை என் மேஜைக்கு வந்ததில்லை. எழுத்தெல்லாம் சரியாக இருந்தது. எழுதியவனின் காதுதான் போயிருந்தது.

பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பட்டப்பெயரே பாம்பு. பாம்புச் செவி என்பதைச் சுருக்கிக்கொண்டோம். தலைமையாசிரியரின் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்கும்போதே வகுப்பைக் காப்பாற்றிவிடுவான். எனக்குச் சின்ன வயதிலேயே சோடாபுட்டிக் கண்ணாடி. பத்தடிக்கு மேல் இருக்கிற மரம் வெறும் பச்சையாகத்தான் தெரியும். சாயங்காலங்களில் ஏரிக்கரையில் உட்கார்ந்து நூலகத்துப் புத்தகத்தை நான் சத்தமாகப் படிப்பேன், அவன் கேட்பான். நடுவில் விரலைத் தூக்குவான். கதாநாயகி கிணற்றில் குதிக்கப் போகிற இடமாக இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். ஏதோ ஒரு பறவை கத்தி முடிக்கும். "ம், படி" என்பான். எரிச்சலில் இரண்டு முறை புத்தகத்தாலேயே அவன் மண்டையில் போட்டிருக்கிறேன்.

அப்படித்தான் எனக்குக் காது வந்தது. பறவைகளை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம், எல்லாம் அவன் சொல்லிக் கொடுத்தவை. ஊசியைக் கண்டுபிடித்ததும் அவன்தான். கட்டைவிரல் அளவுகூட இருக்காது, மர உச்சியை விட்டு இறங்காது. கண்ணில் படுவதே அதிர்ஷ்டம், காதில் மட்டும் மெல்லிசாக ஏறும். அதற்குப் புத்தகத்தில் சரியான பெயர் உண்டு என்று பிறகு தெரிந்தது. எங்களுக்கு அது ஊசிதான்.

தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க, விடிந்ததும் ஏரியைச் சுற்றி வந்து நோட்டில் எழுதினான். நாற்பது வருஷ நோட்டுகள். அதுதான் இந்தப் புத்தகம். என் முழங்கால் ஒத்துழைக்காமல் போனதிலிருந்து நான் அவனோடு நடக்கப் போவதில்லை, வீட்டில்தான் சந்திப்பு. என்னுடையது அடித்தொண்டைக் குரல். அவனுக்கு நன்றாகவே கேட்டது; கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் மட்டும் அவனை விட்டுப் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. அவன் மனைவி மட்டும் புலம்புவாள். "குக்கர் ஆறு விசில் அடிச்சாலும் அசைய மாட்டேங்குறாருண்ணா. ஆனா இவரப் பத்தி ஏதாவது சொன்னா மட்டும் கேட்டுடும்." நாங்கள் மூவரும் சிரிப்போம். பேத்தி பேசினால், "இந்தக் காலத்துப் பிள்ளைங்க முணுமுணுக்குதுங்க" என்பான். அதற்கும் சிரித்தேன். 

சொல்லாமல் விட்டால் புத்தகம் வெளியான மறுநாளே எவனாவது ஒருவன், "இந்த ஆளுக்குக் காது கேக்காது போல" என்று சிரிப்பான். சொன்னால் அவனிடமிருந்து எதைப் பிடுங்குகிறேன் என்பது எனக்குத் தெரியும். யாருக்கும் தெரியாமல் நானே ஒரு வரியை மாற்றிவிடலாம். அந்தத் துரோகத்தை யாருக்கும் செய்ததில்லை, அவனுக்கா செய்வேன்? இருதலைக் கொள்ளி எறும்பாக இரண்டு நாள் ஊர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். கதவைத் திறந்த அவன் மனைவி, "வாங்கண்ணா, ஒரு வாரமா வாசலையே பாத்துட்டு இருக்காரு" என்றாள். உள்ளே அவன் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, எத்தன பிழை?"

"ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணா? நீயா? உடம்பு சரியில்லையா உனக்கு?"

"கடைசி அத்தியாயத்துல. செருப்ப மாட்டு, காட்டுறேன். பைனாகுலர எடுத்துக்கோ."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஆனால் எடுத்துக்கொண்டான்.

அச்சகச் சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. மரத்தடிக்குப் போவதற்கு முன்பே எனக்குக் கேட்டுவிட்டது. கேட்காமல் இருந்திருந்தால் திரும்பிப் போயிருக்கலாமே என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். சத்தம் வந்த பக்கம் கையைக் காட்டினேன்.

"அந்தப் பெரிய கவட்டைக்கு மேல. இன்னும் மேல. உச்சிக்கிட்ட."

அவன் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. பைனாகுலரை இப்படியும் அப்படியும் நகர்த்தியவன் சட்டென்று நின்றான்.

"டேய்! ஊசிடா! ஊசி வந்துடுச்சுடா!"

என் தோளைப் பிடித்து உலுக்கினான். அறுபத்தைந்து வயது ஆள் அந்தச் சந்தில் குதித்தான். அந்தச் சந்தோஷம் அப்படியே நின்றுவிடக் கூடாதா என்று இருந்தது எனக்கு. மறுபடி பைனாகுலரைத் தூக்கினான். வெகுநேரம் பார்த்தான்.

"இரு... வாயத் திறக்குது." அவன் குரல் இறங்கியது. "தொண்ட துடிக்குதுடா."

அவன் பைனாகுலரைக் கீழே இறக்கினான்.

"இப்பக் கத்துதா?"

"ம்."

"உனக்குக் கேக்குதா?"

"கேக்குதுடா."

அவன் காதைச் சுண்டுவிரலால் குடைந்தான். மறுபக்கத்துக் காதையும். பிறகு தலையைச் சாய்த்து நின்று பார்த்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு. எதுவும் வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"எத்தன நாளா இங்க இருக்கு?"

"அச்சகத்துல பக்கம் அமைக்கிற பொண்ணு தினமும் கத்துதுன்னு சொல்லுது."

"நான் இது செத்துப்போச்சுன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியுறேன்." சிரித்தான். உண்மையான சிரிப்புதான், ஆனால் முடிவதற்குள் கண் கலங்கிவிட்டது. "மத்ததுங்க? போயிடுச்சுன்னு எழுதுனேனே, அந்தத் தேன்சிட்டு... அதுவும் இருக்கா?"

"இருக்கு. போன வாரம்கூட எங்க வீட்டு மாடியில கேட்டேன்."

"இருக்கட்டும்" என்றான். "இருக்கட்டும்டா." இரண்டாவது முறை அதை அவன் தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

"அந்த அத்தியாயத்த என்ன பண்ணலாம்? நீ சொன்னா நாளைக்கே நிறுத்திடலாம்."

அவன் பைனாகுலரை மறுபடி தூக்கிக் கிளை கிளையாகத் தேடினான். குருவி இலைகளுக்குள் நகர்ந்துவிட்டிருந்தது.

"தெரியல. இன்னும் பாடுதா?"

"பாடுது."

"நிறுத்தினா சொல்லு."

சரி என்றேன். சந்து முனையில் ஒரு ஸ்கூட்டர் உறுமிக்கொண்டு போனது. அந்தச் சத்தத்தில் ஊசி எனக்கும் தப்பிவிட்டது. நான் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு மேலே பார்த்தேன். பிறகு திரும்பினேன். அவன் மரத்தைப் பார்க்கவில்லை. குருவி பாடுகிறதா என்று என் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்தான்.