குப்பையோடு போன பல்செட்

மாமியாரின் பல்செட்டைக் குப்பையில் போட்டது லிஃப்ட் மெக்கானிக்கான மருமகன்தான். வேண்டுமென்றா போட்டான்? காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைக்கும்போது, சுருட்டிக் கிடந்த காகிதம் ஒன்றை ரொட்டித் துணுக்குகளோடு சேர்த்து வழித்துக் கூடையில் தள்ளினான். பையை முடிச்சுப் போட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தான். மாடியேறி வந்தால், அத்தை வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

"இங்கதான் காகிதத்துல சுத்தி வச்சேன்."

கூடையில் தள்ளிய காகிதம் அவனுக்கு நினைவு வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். குப்பை வண்டி தெருமுனையில்தான் நின்றது. ஆனால் அதற்குள் மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

"போன வாரம் சாவியத் தொலைச்ச, இன்னைக்குப் பல்லா? உனக்கு என்னம்மா ஆச்சு?"

அந்த மகானுபாவனும் கூடச் சேர்ந்து கட்டிலடியில் குனிந்து தேடினான். குனிந்தபடியே பையை ஏற்றிக்கொண்ட வண்டி உறுமிக்கொண்டு போகும் சத்தத்தைக் கேட்டான்.

மனைவி வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினாள். "அம்மாவைத் தனியா விடாதீங்க. மறதிக்கு டாக்டர்கிட்ட காட்டணும்." அவன் லீவு சொன்னான்.

பல் இல்லாமல் அத்தை எதை மெல்வாள்? மதியம் முட்டை சூப் வைத்தான். பத்து நிமிஷ வேலை. தண்ணீரில் இஞ்சியைத் தட்டிப் போட்டு, உப்பும் மிளகுத்தூளும் சேர்த்து, சோளமாவைக் கரைத்து ஊற்றினான். தளதளவென்று கொதித்ததும் தீயைக் குறைத்து, கரண்டியால் கலக்கிக்கொண்டே அடித்த முட்டையை மெல்லிசாக விட்டான். முட்டை இழை இழையாகத் திரண்டு மிதந்தது. அத்தைக்குத் தொண்டையில் சிக்குமே என்று இஞ்சித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தான்.

அத்தை ஊதி ஊதிக் குடித்தாள். "அமிர்தமா இருக்கு மாப்பிள்ளை. எம்பொண்ணு குடுத்து வச்சவ."

அவன் சுவரைப் பார்த்தான்.

பாதிக் கிண்ணத்தில் அத்தை கரண்டியை நிறுத்தினாள். "ஒண்ணு கேக்கவா? எனக்குப் புத்தி தடுமாறுதோ? மேசையிலதான் வச்சேன், கண்ணுக்குள்ளயே நிக்குது. ஆனா இல்லையே. இனிமே அடுப்புப் பக்கம் போகவே பயமா இருக்கு."

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"மேசையிலதான் வச்சீங்க அத்தை. நான்தான் குப்பைன்னு அள்ளிப் போட்டுட்டேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"நீங்க கேட்டப்பவே."

"வண்டி நிக்கும்போதேவா?"

தலையாட்டினான். அத்தை நீளமாக மூச்சு விட்டாள். "அப்ப எனக்கு ஒண்ணுமில்ல." கண் நிறைந்தது. பிறகுதான் கோபம் வந்தது. "பல்லு போனாப் போகுது. அவ என்னை அப்படிப் பேசுறா, நீங்க கூட நின்னு கட்டிலடியில தேடுறீங்க! எப்படி மனசு வந்துச்சு?"

அத்தை கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"அவளுக்குப் போன் போடுங்க. எம்முன்னாடியே சொல்லுங்க."

போட்டான், சொன்னான். மனைவி முழுதும் கேட்டாள். பிறகு, "அம்மாகிட்ட குடுங்க" என்றாள்.

"அழாதடி" என்றாள் அத்தை போனில். "உனக்கு எப்படித் தெரியும்? ம்... சாப்பிட்டேன்." போனை அவனிடம் நீட்டினாள். "சாயந்திரம் வந்து உங்ககிட்ட பேசிக்கிறாளாம்."

மீதி சூப் ஆறிக் கிடந்தது. அவன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நின்னது போதும்" என்றாள் அத்தை. "சட்டைய மாட்டுங்க, பல் டாக்டர்கிட்ட போகணும்."