டிரைவர் சீட்டில் ஓர் ஆள்

நான்காவது தடவையாக அவள் எழுந்தபோது நாத்தனார் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"ஒரு இடத்துல உக்காரேன். கால்ல சக்கரமா கட்டியிருக்கு?"

"தண்ணி குடிச்சிட்டு வரேன்."

"இப்பதானே குடிச்ச!"

கூடத்தின் நடுவில் இவள் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் போகவில்லை. யாரோ சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு விட்டிருந்தார்கள். நான்கு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. வருகிற ஒவ்வொருவரிடமும் நாத்தனார் ஒரே கதையைச் சொன்னாள்: "காருக்கு அடியில வேலை பாத்துக்கிட்டே விழுந்துட்டான். இவ உடனே பாத்துட்டா, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாச்சு. என்ன பண்றது, நேரம்." அந்த 'உடனே' இவள் வாயிலிருந்து போனதுதான். "பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னதை இவள் அப்படியே விழுங்கிவிட்டாள்.

வாசலில் டாக்ஸிக்காரர் கைகட்டி நின்றார். காலையிலிருந்தே நிற்கிறார். பாவம், வண்டி விட வந்தவர் துக்கத்துக்கும் நின்றுவிட்டார். ஆனால் அவருடைய கார் இவர்கள் பட்டறையில், வண்டியைத் தூக்கும் லிஃப்டின் மேல் நிற்கிறதே! வாயைத் திறந்து கேட்கவும் முடியாமல், கிளம்பவும் மனமில்லாமல் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"தம்பி," என்று கொழுந்தனைக் கூப்பிட்டாள். "இவர் வண்டிய இறக்கிக் குடுத்துடலாம், வா."

"நடு வீட்டுல இவன் கிடக்கான், உனக்கு வண்டி கேக்குதா?" என்றாள் நாத்தனார்.

"இடது பக்க நட்டு முறுக்கல. அப்படியே இறக்கி யாராவது ஓட்டிட்டுப் போனா, அங்க இன்னொரு வீட்டுல இப்படிக் கூட்டம் கூடும்."

நாத்தனார் தலைப்பை விட்டாள். இவள் சொன்னது நிஜம்தான். ஆனால் காலையிலிருந்து இவளை உட்காரவிடாமல் அடித்தது நட்டு இல்லை, வீல் அலைன்மென்ட் பார்க்கும் பட்டறைக் கம்ப்யூட்டர்.

பட்டறை வீட்டுக்குப் பின்னால்தான். நான்கு தூண் லிஃப்டின் மேல் கார் அப்படியே நின்றது. பின் சக்கரங்களை இன்ஜின் தள்ளுகிற வண்டி. முன் சக்கரங்களுக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான், ஓட ஓட அவை மெல்லக் கோணிக்கொள்ளும். இரண்டையும் ஒரே அளவுக்கு நேராக்காவிட்டால் சாலை நேராகப் போகும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும். இந்தக் கார்க் கம்பெனிக்கு ஒரு நிபந்தனை: அளவு பார்க்கும்போது டிரைவர் சீட்டில் ஓர் ஆளின் எடை இருக்க வேண்டும். மற்ற பட்டறைகளில் மணல் மூட்டை வைப்பார்கள். இங்கே இருபது வருடமாக இவள். "மணல் மூட்டை வாயாடாது, அது ஒண்ணுதான் குறை" என்பார் அவர். அவர் கீழே நின்று, சக்கரத்தைப் பிடித்திருக்கும் டை ராட் கம்பியைத் திருப்பி, அளவு வந்ததும் அதன் நட்டை முறுக்குவார். இவள் மேலே ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு திரையில் தெரியும் அளவைச் சொல்லுவாள். அவர் "விடு" என்கிறவரை கையை எடுக்கக் கூடாது.

கொழுந்தன் கம்ப்யூட்டரை உசுப்பினான். அவனும் இதே தொழில்தான், வேறு ஊரில். எதைக் கேட்டாலும் தலையாட்டுவதோடு சரி. திரையில் காலை வேலை மூடப்படாமல் இருந்தது. எந்தச் சக்கரம் எப்போது சரியான அளவுக்கு வந்தது என்று அந்த மெஷின் குறித்துவைக்கும். இடது முன் சக்கரம்: பத்து நாற்பத்தொன்று. அதற்குப் பிறகு அளவு அசையவே இல்லை.

அவன் தன் போனை எடுத்துப் பார்த்தான். இவள் அலறியடித்துக் கூப்பிட்டது பத்து ஐம்பத்தைந்து. திரையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, இவள் பக்கம் திரும்பாமலே, 'புதிய வேலை' பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனான். அழுத்தினால் எல்லாம் அழிந்துவிடும்.

"அழிக்காத."

விரல் நின்றது.

"காலையில டாக்ஸிக்காரர் முன்னாடி அவரை ஒரு வார்த்தை சொல்லிட்டேன். கண்ணாடி போடாம வேலை பாக்காதீங்கன்னு. சுருக்குன்னு ஆயிடுச்சு இவருக்கு. டாக்ஸிக்காரர் டீ குடிக்கப் போயிட்டாரு. கோவம் வந்தா வாயத் திறக்க மாட்டாருன்னு உனக்குத் தெரியும்ல? கீழேருந்து பேச்சே இல்ல. நீங்க பேசலன்னா நானும் பேச மாட்டேன்னு உக்காந்துட்டேன். காத்தடிக்கிற கம்ப்ரஸர் ஓடிக்கிட்டிருந்துது, விழுந்தது கேக்கல. அளவு அசையாம நின்னுதா, அடடா கரெக்டா வச்சுட்டாரேன்னு சந்தோஷம் வேற எனக்கு." மூச்சு வாங்கினாள். "கை வலிச்சப்புறம்தான் விடட்டுமான்னு கேட்டேன். பதினாலு நிமிஷம், தம்பி. அவர் தலைக்கு மேலயே உக்காந்திருந்தேன்."

கொழுந்தன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆணியில் தொங்கிய, கை துடைக்கும் பழந்துணியை எடுத்து முகத்தைத் துடைத்தான். அதில் எண்ணெய் இருந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க அக்காகிட்டயும் சொல்லத்தான் போறேன்," என்றாள்.

அவன் தலையாட்டினான். "நட்ட முறுக்கணும். ஏறுங்க அண்ணி" என்றான்.

ஏறினாள். கதவைச் சாத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தாள். திரையில் எண் கொஞ்ச நேரம் ஆடியது. கீழே அவன் போவது தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

"அண்ணி, லைட்டப் போட்டுட்டேன்."

"ம்."

"ஸ்பானர் இங்கயே கிடக்கு. எடுத்துட்டேன்... நட்டுல மாட்டிட்டேன்... முறுக்கறேன் அண்ணி."

"ம்."

"முறுக்கியாச்சு. இன்னொரு தடவை பாத்துக்கறேன். கெட்டியா இருக்கு. ராடு மேல கொஞ்சம் சேறு, தொடைக்கறேன்... இங்க ரப்பர் ஒண்ணு லேசா வெடிச்சிருக்கு, பரவால்ல, ஓடும்..."

அரை நிமிட வேலை. திரையில் எண் நிலைகொண்டு வெகுநேரம் ஆகிவிட்டது. கீழே செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவன் டயரின் உள்பக்கத்தில் அச்சடித்திருந்த எண்களை, இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான்.