மணமகள் பெயர் வரும் இடம்

"சம்பந்தி, ஒரு சந்தேகம். எங்க பையன் யாரைக் கட்டிக்கப் போறான்?"

போனில் சம்பந்தியம்மா. அழைப்பிதழ்க் கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பெண்ணைப் பெற்றவருக்கு வேறு வழியில்லை. சம்பந்தி தும்மினாலும் அதில் ஒரு நகைச்சுவையைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

"என் பொண்ணைத்தான், வேற யாரை?"

"அப்போ கார்டுல ஏன் உங்க வீட்டுக்காரம்மா பேரு இருக்கு? அவங்க போய் ரெண்டு வருஷம் ஆச்சே!"

சிரிப்பு பாதியில் நின்றது. மேசைமேல் கட்டுக்கட்டாக இருந்த கார்டுகளில் ஒன்றை உருவினார். மணமகன் பெயர் சரி. மண்டபம் சரி. மணமகள் இருக்க வேண்டிய இடத்தில், அந்தச் சாய்ந்த எழுத்தில், அவருடைய மனைவி.

"செத்துப்போனவங்களுக்கும் எம் பையனுக்கும் கல்யாணம்னு அடிச்சிருக்கீங்க. எவ்வளவு அபசகுனம்! சாயங்காலத்துக்குள்ள சரியான கார்டு வரட்டும். இல்லேன்னா தள்ளி வெச்சுக்கலாம். அப்புறம் பார்ப்போம்."

'அப்புறம் பார்ப்போம்' என்று சொன்னவர்கள் பிறகு பார்த்ததாக அவருக்குத் தெரிந்து சரித்திரமே இல்லை.

அந்த எழுத்து, கணினியில் அச்சடிப்பதற்காக அவரே வரைந்தது. இறங்கும் கோடு தடிப்பு. ஏறும் கோடு மயிரிழை. ஒவ்வொரு கோட்டின் நுனியிலும், பூனை பாதம் ஊன்றியதுபோல, ஒரு சின்னக் கால். மொத்த வரியும் வலப்பக்கம் சாய்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ ரகசியம் சொல்லப் போகும். அத்தர் புட்டி, நகைப்பெட்டி, கேக் டப்பா, கல்யாணம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கண்டிப்புக்கு மட்டும் ஆகாது. பக்கத்துக் கடைக்காரருக்காக ஒருமுறை 'இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்' என்று அதில் பலகை எழுதிக் கொடுத்தார். தெருவில் போன வண்டியெல்லாம் தாம்பூலம் வைத்துக் கூப்பிட்டதுபோல அங்கேயே வந்து நின்றன.

வரைந்த நாட்களில் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று குறை சொல்வாள். "இதுக்கு வால் ஜாஸ்தி, உங்களை மாதிரியே." எழுத்து முடிந்ததும் மாதிரி அழைப்பிதழ் ஒன்று செய்து, மணமக்கள் இடத்தில் தங்கள் இருவர் பெயரையும் போட்டு வைத்தார். வாடிக்கையாளர் வந்தால் அதை நகலெடுத்து, நகலில் அவர்கள் பெயரை ஏற்றுவார். மூலத்தைத் தொடுவதில்லை. அவள் போன பிறகும் தொடவில்லை. எந்த வீட்டுக் கல்யாணமானாலும் முதலில் ஒரு கணம் அவள்தான் மணப்பெண். கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தாலே பிடரி சிலிர்க்கும். யாரோ நிற்கிறார்கள். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பார்த்தால் யாருமில்லை என்று உறுதியாகிவிடும்.

மகளுடைய அழைப்பிதழுக்கு மட்டும், நம் வீட்டு விசேஷம்தானே, நகல் எதற்கு என்று மூலத்திலேயே கை வைத்தார். எல்லாவற்றையும் மாற்றினார். அந்த ஒரு வரியைக் கை தாண்டிப் போய்விட்டது.

மகள் கடைக்குள் வந்தாள். கையில் அதே கார்டு. சம்பந்தியம்மா அவளையும் விடவில்லை.

"மூணு தடவை படிச்சேம்மா, சத்தியமா. மூணு தடவையும் உன் பேருதான் இருந்துச்சு."

"நானும்தாம்ப்பா படிச்சேன்" என்றாள் மெதுவாக. "எனக்கும் என் பேருதான் தெரிஞ்சுது."

இருவரும் கார்டைப் பார்த்தார்கள். மின்விசிறி சுற்றியது. கட்டின் மேலிருந்த கார்டு ஒன்று தானாகத் திறந்து, தானாக மூடிக்கொண்டது. காற்றுதான். காற்றுதான் என்று இருவருமே சொல்லவில்லை.

"சரி, இப்ப மாத்துங்க."

விசைப்பலகைமேல் விரலை வைத்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"காப்பி எடுத்துட்டு மாத்தட்டுமா? இது இப்படியே..."

"இப்படியேன்னா? அம்மா இன்னும் எத்தனை பேரைக் கட்டிக்கணும்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதி வழியில் அது வேறு ஏதோவாக மாறியது. மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என் பேரு விட்டுப்போனதைக்கூட விடுங்க. 'இன்னாருடைய மகள்'னு போட்டிருக்கீங்களே, அங்க உங்க பேரு மட்டும்தான் இருக்கு. அம்மா எங்க?"

"மேலயேதான் இருக்காளே" என்றார் வாய் தவறி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அங்க போட்டா முன்னாடி அந்த வார்த்தையையும் போடணும்மா."

"போடுங்க."

"நீயே அடிச்சிடேன்."

"மாட்டேன். நீங்கதான்."

பெயரை வெட்டி எடுத்தார். அந்த இடம் காலியாக நின்று அவரைப் பார்த்தது. பயந்துபோய் மகள் பெயரை அவசரமாக அடித்தார். பிறகு ஒரு வரி கீழே இறங்கி மனைவியை அங்கே வைத்தார். அவள் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். அந்த வார்த்தைக்குக்கூட அந்த எழுத்து அழகாகத்தான் இருந்தது. வளைவும் மயிரிழையும், ஏதோ விருந்துக்குக் கூப்பிடுவதுபோல. பாழாய்ப்போன எழுத்து, இதற்காவது கொஞ்சம் கோணலாக வந்திருக்கக் கூடாதா?

முதல் கார்டு சூடாக வெளியே வந்தது. சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, மேலிருந்து படித்துக் காட்டினார். மகள் பெயர் தெளிவாக வந்தது. அடுத்த வரியில் அந்த வார்த்தைக்கு வந்தபோது 'கால...' என்பதோடு நின்றுவிட்டார். இரண்டு தடவை முயன்றார்.

"மெதுவாப் படிங்க சம்பந்தி" என்றது மறுமுனைக் குரல். "நான் எங்கயும் போகலை."