மூடிய ஷெட்டின் தாங்கி

கொட்டாஞ்சேனையில் அந்தப் பெற்றோல் ஷெட்டை நடத்திய கம்பனி, வங்குரோத்து என்று சொல்லிவிட்டு எப்போதோ கைகழுவிப் போய்விட்டது. நிலத்துக்குக் கீழே புதைத்த பெற்றோல் தாங்கி மட்டும் கசிந்துகொண்டே கிடந்தது. பக்கத்துக் குறுகலான ஒழுங்கையின் பொதுக் கிணற்றில் வாளி விட்டால் பெற்றோல் வாடை. தாங்கியைத் தோண்டியெடுக்க மாநகர சபையிடம் காசில்லை. காணியை வாங்கிய றேமண்ட் கண்டுபிடித்த மலிவான வழிதான், தாங்கிக்குள் இறங்கி அடியில் கிடப்பதை வார ஒத்துக்கொண்ட புஷ்பராஜ்.

கிணறு இறைத்துச் சேறு வாருவது புஷ்பராஜின் தொழில். இறங்குமுன் எரிகிற விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவான். விளக்கு அணைந்தால் காற்று கெட்டது, இறங்கமாட்டான். அந்தக் கவனத்தால்தான் இதுவரை உயிரோடு இருந்தான்.

சோறு கொண்டுவந்த அவன் மனைவி ஜெயராணி வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள். தாங்கியின் மூடி திறந்து கிடந்தது. புஷ்பராஜ் பக்கத்தில் குந்தியிருந்து விளக்குக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, அதப் பத்த வைக்காதீங்க. குப்புன்னு புடிச்சிக்கும்."

"காஞ்ச தாங்கிடி. சேர் சொல்லிட்டாரு."

"உங்களுக்கு மூக்கு இருக்கா இல்லையா?"

"வெளக்கு விடாம எறங்கினா செத்துப்போவேன். இது ஏந் தொழிலா, ஒந் தொழிலா?"

பக்கத்தில் நின்ற றேமண்ட் சிரித்தான். "என்ன புஷ்பராஜ், வீட்டிலயும் மிஸிஸ்தான் பாஸா?"

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் இவர்களுடைய அடுத்த வீட்டார் அதைக் கேன்களில் சேர்த்துவைத்திருந்தார்கள். அடுப்பு எட்டத்தில்தான் இருந்தது. ஆனாலும் நெருப்பு பாய்ந்து வந்தது. அந்த வீட்டுப் பெண்ணைச் சாக்கில் சுற்றித் தூக்கியவள் ஜெயராணி. சாக்கை எடுத்தபோது தோலும் கூட வந்தது.

புஷ்பராஜ் தீக்குச்சியை எடுத்தான்.

கீழே கிடந்த மரக்கட்டையால் அவள் அவன் வலது மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் அலறிக்கொண்டே விழுந்த தீப்பெட்டிக்கு இடது கையை நீட்டினான். அதிலும் அடித்தாள். தீப்பெட்டியைப் பொறுக்கி மதிலுக்கு மேலால் வீசினாள்.

றேமண்ட் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். கன்னம் சீமெந்தில் தேய்ந்தது. வயிற்றில் உதைத்தான். அவள் அவன் கையைக் கடித்தாள், வாயில் இரத்தம் உப்புக் கரிக்கும்வரை விடவில்லை. புஷ்பராஜ் எழுந்து வந்து றேமண்டின் முகத்தில் தலையால் மோதினான். ஒழுங்கைச் சனம் ஓடிவந்துதான் பிரித்தது. யாரோ தீயணைப்புக்கு அறிவித்தார்கள்.

தீயணைப்புப் படை ஆபத்தென்று எழுதிக்கொடுத்தபின், தாங்கியைக் கடைசியில் மாநகர சபையே பொதுச் செலவில் தோண்டியெடுத்தது. றேமண்டுக்குச் சுத்தமான காணி. புஷ்பராஜின் வலது கை இனிக் கயிறு பிடிக்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் அவன் கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"ஒரு கையோட விட்டிருக்கலாமில்ல?"

"அடுத்த கையாலயும் நெருப்புப் பெட்டியத்தானே தேடுனீங்க," என்றாள் அவள்.