வெள்ளைக் கூரைக் கார்

என் மனைவி இறந்த முப்பத்தோராம் நாளுக்கு நினைவுமலர் அடிக்க வேண்டும். லண்டனில் மிட்சம் பகுதியில் உள்ள அச்சகம் மதியம் வரை நேரம் தந்திருந்தது. தக்ஷிகாவின் வாழ்க்கைக் குறிப்பு என் பொறுப்பு. அவள் ஓடிய கார்ப் பந்தயங்களைப் பற்றிய பக்கத்தை மட்டும் அவளுடைய அப்பா, யோகராஜா மாமா, தானே எழுதி வைத்திருந்தார்.

‘விம்பிள்டன் காரோட்டத்தில் முதலிடம்.’ கீழே ஒரு படம். தக்ஷிகாவின் கார் முன்னால். பின்னால் இருபது கார்கள்.

அதை வெட்டிவிட்டு எழுதினேன். தென் லண்டனில் 1930களிலேயே நீள்வட்டப் பாதையில் குட்டிக் கார்கள் ஓடின. பிறகு இடித்துக்கொண்டு ஓடும் கார்கள் வந்தன: ஒற்றை இருக்கை, மூடாத சக்கரங்கள், முன்னும் பின்னும் இரும்புச் சட்டம். 2017இல் விம்பிள்டன் மைதானத்தை மூடினார்கள். இப்போது அங்கே உதைபந்து. மைதானம் மூடுமுன் கடைசி மூன்று வருடங்கள் தக்ஷிகா அங்கே ஓடினாள். ஒருமுறையும் வெல்லவில்லை.

மாமா வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“படத்தைப் பாரும் தம்பி. ஆர் முன்னுக்கு நிக்கிறது?”

“அது தொடங்கேக்க எடுத்தது மாமா. மெதுவா ஓடுறவையைத்தான் முன்னுக்கு விடுவினம். அவையின்ர காருக்கு வெள்ளைக் கூரை. கெட்டிக்காரருக்குச் சிவப்பு. அவை தொடங்கிறது கடைசியில.”

“உலகத்தில எங்கையாவது அப்பிடி நடக்குமே?”

“வெண்டுகொண்டு போனா கூரை நிறம் மாறும் அப்பா,” என்றாள் மச்சாள் லக்‌ஷிகா. “அக்காவுக்கு மூண்டு வருசமும் ஒரே வெள்ளைப் பெயின்ற்தான். நல்லா உழைச்ச பெயின்ற்.”

“ஒருத்தரையும் முந்தேல்லையே?” மாமா கேட்டார்.

“ஒருக்கா முந்தினவ,” என்றேன். “அந்தக் கார் சுவரில முட்டி நிண்டது.”

லக்‌ஷிகா சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை.

“கனடாவில, ரொறன்ரோவில இருக்கிற அண்ணையிட்ட முதலாமிடம் எண்டு சொல்லிப்போட்டன். அவர் சனத்துக்கு முழுக்கச் சொல்லிப்போட்டார். இப்ப மாத்தேலாது. இருக்கட்டும் விடும். அவளோட ஓடின வெள்ளைக்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.”

“எனக்குத் தெரியும் மாமா.”

மீதியை வாசித்துக் காட்டினேன்.

‘அவளுடைய கடைசி ஓட்டத்தைப் பதினேழு கார்கள் முடித்தன. தக்ஷிகா பதினேழாவது. இறங்கி வந்து, “முதல் ரெண்டு வளைவையும் பாத்தீங்களோ? எனக்கு முன்னால ஒருத்தரும் இல்லை,” என்றாள். வீடு வரும் வரை அதையே சொன்னாள்.’

“முதலிடம் எண்டு போட்டா அது வேற ஆரோ பிள்ளை மாமா.”

அச்சகத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மாமா போனை எடுத்தார். ரொறன்ரோவில் விடிகாலை ஆறு.

“அண்ணை, எழும்பிட்டியளோ? பிள்ளையின்ர கார் ஓட்டம்... முதலாமிடம் இல்லை. கடைசி. ஓம், கடைசி. இல்லை, ஒருத்தரும் சதி செய்யேல்லை. அவளாத்தான்.”

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அழாதேங்கோ அண்ணை. நல்ல சந்தோசமாத்தான் கடைசியா வந்தவ.”

மலரை அச்சகத்துக்கு அனுப்பினேன். மாமா தன் அண்ணனுக்குக் கூரை நிறங்களை விளக்கிக்கொண்டிருந்தார். பிழையாக.