பனி பெருக்கிய பாத்தி

அம்மாவின் செவ்வந்திகளை ஏப்ரலில் தோண்டிப் பிரித்து நடலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். நான் வேலை பார்க்கும் போஸ்னானிலிருந்து எங்கள் ஊரான சுவால்கிக்கு வந்து ரயிலை விட்டு இறங்கியபோது அவர் நிலையத்திலேயே மண்வாரியோடு நின்றுகொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போய்ப் பையை வச்சுட்டு வரலாமேப்பா."

"எதுக்கு? தோட்டம் வழியிலதானே இருக்கு."

தோட்டம் வழியில் இல்லை. வீட்டுக்கு எதிர்த் திசையில், வேலிக்கு வேலி ஒட்டிய சின்னத் துண்டு நிலங்களின் கடைசி வரிசையில் இருக்கிறது. நான் பையோடு கூட நடந்தேன்.

அம்மா போன செப்டம்பரில் இறந்தாள். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு அவள் வளர்த்த செவ்வந்தியையே வெட்டி அவளுக்கு வைத்தோம். செங்கல் நிறம், இதழ் நுனியில் மட்டும் மஞ்சள். கடைத் தொட்டிகளில் அந்த நிறம் வருவதில்லை. இந்த நவம்பரிலும் அதுதான் வேண்டும் என்று அப்பா குளிர்காலம் முழுக்கத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு எதைக் கேட்டாலும் "ம்" என்பார்.

ஜனவரியில் மைனஸ் முப்பது வரை போனது. ஆனால் பனி நன்றாக விழுந்திருந்ததால் நான் பயப்படவில்லை. மேலே பனி கிடந்தால் கீழே மண்ணில் அவ்வளவு குளிர் இறங்காது.

முதல் தூரைத் தோண்டி எடுத்தேன். கையில் கனமே இல்லை. நகத்தால் வேரைச் சுரண்டினேன். உள்ளே பழுப்பு. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்தது அழுத்தியதும் கறுப்பாகக் கசிந்தது.

"நடுவுல கட்டையாப் போறது சகஜம்தான்னு அம்மா சொல்லுவாளே," என்றார் அப்பா. "ஓரத்துல பாரு."

"பார்க்கறேன்பா. நீங்க தண்ணி கொண்டு வாங்க."

அவர் வாளியோடு குழாயடிக்குப் போனார். பக்கத்துத் தோட்டத்து ரெகினா அத்தை வேலியோரம் வந்து நின்றாள்.

"கிங்கா, என்னடி இப்படி எலும்பாயிட்டே? போஸ்னான்காரங்க உருளைக்கிழங்கத் தவிர எதையும் தின்ன மாட்டாங்கன்னு கேள்வி. அதையும் உனக்குத் தரலையா?"

நான் சிரிக்க முயன்றேன். அவள் பாத்தியில் செவ்வந்தித் துளிர்கள் விரல் உயரம் எழுந்திருந்தன. எல்லாம் வெள்ளை வகை.

"அத்தை, அம்மா அந்தச் செங்கல் கலர்ல உங்களுக்கு ஒரு தூர் குடுத்தாளே?"

"குடுத்தா. நான் வாய் தவறி நன்றின்னு சொல்லித் தொலைச்சேன். செடி குடுத்தவளுக்கு நன்றி சொன்னா அது வேர் பிடிக்குமா? அந்த வருஷமே போயிடுச்சு. உங்கம்மா அதை வச்சு என்னை எத்தனை கேலி பண்ணுவா." அவள் நான் தோண்டிப் போட்டதைப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது. "எல்லாமேவா?"

"எல்லாமே. உங்களோடது நல்லாத்தானே இருக்கு? ஒரே மண்ணு, ஒரே குளிரு."

அத்தை குழாயடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்கப்பா தினம் கல்லறைக்குப் போய்ப் பனியைப் பெருக்குவாரு. பெருக்கிட்டு அதே விளக்குமாத்தோட நேரா இங்க வருவாரு. பாத்தி மேல ஒரு பொட்டுப் பனி தங்க விடமாட்டாரு. நான் ஒரு தடவை சொன்னேன், வேணாங்க, அது கிடக்கட்டும்னு. அவர் என்னைப் பார்த்த பார்வையில அதுக்கு மேல எனக்கு வாய் வரலை." வேலி மேல் குனிந்தாள். "நீ எலி தின்னுடுச்சுன்னு சொல்லிடு. கேட்டியா?"

அப்பா வாளியை வைத்தார். நான் எலி என்றேன்.

"எலியா? எலிக்கு இங்க என்ன வேலை? வேற தோட்டமே கிடைக்கலையாமா?"

அவர் கோபத்தோடு வேலிப்பக்கம் போய்ப் பலகைகளுக்கு அடியில் வளை தேடினார். பிறகு அப்படியே மண்டி போட்டார்.

"கிங்கா. இங்க வா. இங்க இருக்கு பாரு, உயிரோட."

வேலியின் நிழலில், பாத்தியை விட்டு ஓடிவந்த மூன்று துளிர்கள் இருந்தன. வெளிறியவை, ஆனால் பச்சை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் செப்டம்பருக்குப் பிறகு பார்த்ததில்லை.

"எலி இதை மட்டும் ஏன் விட்டுச்சு?"

"தெரியலைப்பா."

துளிர்களுக்குப் பக்கத்தில், பலகையை ஒட்டி, கரையாத பழைய பனி அழுக்காக இறுகிக் கிடந்தது. அதில் விளக்குமாற்றுக் குச்சி ஒன்று செருகியிருந்தது. அப்பா அதைப் பிடுங்கிப் பார்த்தார். வெறும் பாத்தியைப் பார்த்தார். மறுபடி குச்சியைப் பார்த்தார்.

"இங்கதான் தள்ளினேன்," என்றார். "எல்லாத்தையும் இங்கதான் தள்ளினேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் ரெகினா அத்தை எதையோ கொத்துவதை நிறுத்தினாள்.

"எலி இல்லைதானே? நீ படிச்ச பொண்ணு. சொல்லு."

என்னால் பொய்யைத் தொடர முடியவில்லை. "பனி மூடியிருந்தா தப்பிச்சிருக்கும்பா."

அவர் தலையை ஆட்டினார், யாரோ வழி சொன்னதைக் கேட்டுக்கொள்வது போல. "அவளுக்குக் குளிரும்னுதான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

நான் கத்தியால் துளிர்களை வேரோடு எடுத்தேன். இரண்டில் வேர் இற்றிருந்தது. ஒன்றில்தான் வெள்ளை நூல் போலக் கொஞ்சம் இருந்தது. அதற்குத் தொட்டி தேடினேன்.

"நவம்பர்ல பூக்குமா?"

"பூக்கலாம். பூத்தா ஒண்ணோ ரெண்டோ."

"நீ போஸ்னானுக்கு எடுத்துட்டுப் போயிடு. என் கையில வேணாம்."

"இதைப் பிடிச்சுக்கங்கப்பா. நான் மண்ணு போடணும்."

"வேணாம்னேன்ல."

"எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

அவர் கையுறையைக் கழற்றினார். இரண்டு விரலால் துளிரைத் தொட்டியின் நடுவில் நிறுத்தினார். நான் சுற்றிலும் மண் போட்டு அழுத்தினேன். தண்ணீரும் ஊற்றி முடித்தேன்.

"விடலாமா?" என்றார்.

"விடலாம்பா."

அவர் விடவில்லை.